செருப்பும் தூங்கியாச்சு

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு, "மூச்சை இழுங்க... பிடிச்சுக்குங்க... விடலாம்" என்று நாளைக்கு எழுபது தடவை சொல்லுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வரவேற்பில் உட்காரும் பெண் விளையாட்டாக வைத்தது, பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருஷமாக முன்பின் தெரியாதவர்களின் விலா எலும்பையெல்லாம் பார்த்தவள். வீட்டுக்குப் போனால் மட்டும் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி இல்லை.

கணவர் இறந்தபோது மகனுக்கு ஒன்றரை வயது. ஒற்றையாளாக வளர்த்து, படிக்கவைத்து, விமானம் ஏற்றிவிட்டாள். இப்போது ஞாயிறுதோறும் போனில் பத்து நிமிஷம் வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அம்மா, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். இங்கயே ரிஜிஸ்டர் பண்ணிட்டு மத்தியானம் ஒரு விருந்து, அவ்வளவுதான். நீ வந்தா போதும், ஒண்ணும் தூக்கிட்டு வராத" என்றான்.

பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு எப்படி வெறுங்கையோடு போவது? யோசித்துப் பார்த்தபோது அந்தப் பாட்டு நினைவுக்கு வந்தது. தாலாட்டு என்று ஒன்றும் அவளுக்குத் தெரியாது. படுக்கமாட்டேன் என்று அறைக்குள் ஓடிக்கொண்டிருந்த பிள்ளையைப் பிடித்து மடியில் போட்டு, வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாடியது:

காலு ரெண்டும் ஓடி ஓஞ்சு போச்சு,
கதவடைச்சு ஊரும் அடங்கியாச்சு,
மூலையில உன் செருப்பும் தூங்கியாச்சு,
முழிச்சிருக்க நமக்கென்ன பேச்சு?

அதையே பாடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் வெறுந்தொண்டையில் பாடக் கூச்சம். கையில் ஏதாவது வாத்தியம் இருந்தால் ஜனங்கள் கையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். கடையில் இருந்ததிலேயே சின்னது யூகலேலே, கிடாரின் குட்டி மாதிரி. நாலே நாலு நரம்பு.

"குழந்தைக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"ஆமா, குழந்தைக்குத்தான்."

நாலு நரம்புதானே என்று நினைத்தது தப்பு. போனில் வீடியோ பார்த்து, விரல் நுனி கன்றிப்போகப் பழகியதில், ஒரு மாதத்தில் சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டுகள், அதாவது விரல் பிடிகள், வந்துவிட்டன. தனியாக வாசித்தால் கை ஓடியது. தனியாகப் பாடினால் தொண்டை ஓடியது. இரண்டையும் சேர்த்தால் மாமியார் மருமகள் கதைதான். வாயைத் திறந்தால் கை நின்றது, கையை ஓட்டினால் வார்த்தை மறந்தது. 'செருப்பும்' என்ற இடத்தில் ஜி பிடிக்கு மாறவேண்டும். அங்கே வந்ததும் மூன்று விரலும் மூன்று திசைக்குப் போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். எதிரே இருந்த காலி நாற்காலி கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் வேலை நடுவில்தான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. "மூச்சை இழுங்க" என்று வாய் சொல்லும்போது கை தன்பாட்டுக்குப் பொத்தானைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. கையை அவள் பார்க்கவே இல்லை. அன்று மாலை பாடுவதை விட்டுவிட்டு, ஒரே பிடியில் தட்டிக்கொண்டு, நோயாளியிடம் சொல்லுகிற அதே வறட்டுக் குரலில், "காலு ரெண்டும். ஓடி. ஓஞ்சு. போச்சு" என்று பேசிப் பார்த்தாள். கை நிற்கவில்லை! அடுத்த வாரம் முனகினாள். அதற்கடுத்த வாரம் பிடிகளை மாற்றினாள். நாலாவது மாதம், ஆமை வேகத்தில்தான் என்றாலும், பாட்டு முழுசாக வந்தது. தட்டிக்கொடுக்க ஆளில்லாததால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

கல்யாண விருந்தில் பெண் வீட்டார் நாற்பது பேர். இவள் பக்கம் இவள் ஒருத்திதான். சாப்பாட்டுக்கு முன்னால் பெண்ணின் சித்தப்பா ஏதோ நகைச்சுவையாகப் பேசி முடித்ததும், எழுந்து, பையிலிருந்து யூகலேலேயை எடுத்தாள். மகன் வாயைப் பிளந்தான். இரண்டு தடவை பாடினாள். 'செருப்பும்' வந்தபோது ஒரு விரல் வழுக்கியது, ஆனாலும் கை நிற்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

மகன் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, சூப்பர்மா! எப்ப கத்துக்கிட்ட? பாட்டும் நல்லாருக்கே, எந்தப் படம்?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. உண்மையாகவே கேட்கிறான். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது, வேறொன்றும் இல்லை.

"யூடியூப்ல பார்த்தேன்ப்பா" என்றாள்.

"செம!" என்றான். அதற்குள் நண்பர்கள் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

நாலு வயசோடு நிறுத்திய பாட்டு, எந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்? அது அவளுடைய புத்திக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. தட்டில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்தாள்.

திரும்பி வந்ததும் வரவேற்புப் பெண் ஆவலாகக் கேட்டாள். "மூச்சக்கா, பையன் அழுதுட்டாரா?"

"சிரிச்சான்" என்றாள்.

யூகலேலே பீரோவின் மேல் ஏறியது. மாலை நேரங்கள் பழையபடி நீண்டன. டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் போனது. அப்புறம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் மருமகள் கூப்பிட்டாள். தனியாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அத்தை, அந்தச் செருப்புப் பாட்டு இருக்குல்ல, மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. எங்கெங்கயோ தேடிட்டேன், கிடைக்கல. யூடியூப்லயும் இல்ல."

இவள் டிவியை அணைத்தாள். பொய் ஒன்றும் நாக்கில் வரவில்லை.

"அங்க இருக்காதும்மா. நான் கட்டினது. உன் வீட்டுக்காரனைத் தூங்கவைக்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத."

"ஏன் அத்தை?"

"சொன்னா, ஞாபகம் இருக்குன்னு பொய் சொல்லுவான். பாவம், அதுல அவன் கெட்டிக்காரன் இல்ல."

மருமகள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப எனக்குப் பாடி அனுப்புங்க. நான் கத்துக்கறேன். அவர்கிட்ட மூச்சு விடமாட்டேன்" என்றாள்.

போனை வைத்ததும் ஸ்டூல் போட்டு ஏறி யூகலேலேயை இறக்கினாள். நரம்பெல்லாம் தளர்ந்து கிடந்தது. முறுக்கிச் சுருதி சேர்க்கவே கால் மணி நேரம் ஆனது. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். வாயைத் திறந்ததுமே கை நின்றுவிட்டது, முதல் நாள் மாதிரியே. அதை அழித்தாள். இரண்டாவது தடவை 'ஊரும் அடங்கியாச்சு' வரைக்கும் போனாள். அதையும் அழித்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.