பால் சோதனை

ஏழு மாதமாக ருக்மணி பாலைச் சோதித்துக்கொண்டிருந்தாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வந்தால் போதும், ஒரு புட்டிப் பாலோடு நகராண்மைக் கழகத்துக்கு நடந்துவிடுவாள். பால் இன்ஸ்பெக்டர் மாணிக்கவாசகம் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்துச் சிரிப்பார்.

"இந்தக் காஜா பெராங் வட்டாரத்துலயே தண்ணி கலக்காத ஆளு நீ ஒருத்திதாம்மா. நாங்க பிடிக்க வரணும், நீயா வந்து நிக்கிறியே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காளைக் கொன்றது தன் மாட்டுப் பால்தான் என்று முடிவு கட்டியிருந்தாள்.

அக்காளுக்கு மார்பில் கட்டி. முப்பத்தொன்பது வயது. முந்தானைக்குள் மறைத்து மறைத்து, புண்ணாகி வாடை வீசிய பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே துணைக்கு இருந்தவள் கம்போங் செட்டித் தெருக்காரி சாரதாம்பாள். பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். லேடி டாக்டர் சொல்லியனுப்பியதை அப்படியே வந்து ஒப்பித்தாள்: "அடிக் பூஞா சுசு, தியாப் பூலான் பெரிக்சா."

தங்கச்சியின் சுசுவை மாதாமாதம் சோதிக்க வேண்டுமாம். சுசு என்றால் பால். மாடு கறந்து பிழைக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? அக்காள் தினமும் இரண்டு டம்ளர் குடித்தது அவள் கறந்த பாலைத்தான்.

இன்ஸ்பெக்டர் நல்ல பால் என்றதால் விற்றாள். தான் மட்டும் ஒரு சொட்டு தொடவில்லை. ஏழு மாதமும் பால் விடாத கோப்பி ஓதான். இதை யாரிடம் சொல்வது? புருஷன் போய் ஆறு வருஷம். எதையும் சொல்லி அழ இருந்த ஒரே ஆள் அக்காள். மெர்டேக்கா என்று சுதந்திர நாளுக்கு ஊரே கொடி தைத்துக்கொண்டிருந்தபோது ருக்மணி மாட்டோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பொறுக்காமல், புட்டியோடு அந்த லேடி டாக்டரிடமே போய் நின்றாள். டாக்டர் சீனப் பெண். தமிழுக்கு நர்ஸ் மிஸ்ஸி மும்தாஜ் இருந்தாள்.

"இதக் குடிச்சுத்தானே எங்கக்கா செத்தாங்க? நேராச் சொல்லச் சொல்லுங்க மிஸ்ஸி."

இருவரும் மலாயில் ஏதோ பேசிக்கொண்டார்கள். மும்தாஜ் புட்டியை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, மலாய்ல பாலும் சுசுதான், மாரும் சுசுதான். டாக்டர் பாலச் சொல்லல. உங்க மாரச் சொன்னாங்க."

ருக்மணி மேசைமேலிருந்த புட்டியைப் பார்த்தாள். பால்மேல் பழியில்லை. ஆனால் ஏழு மாதம் போயிற்றே. கட்டி இருந்திருந்தால்?

திரை இழுபட்டது. டாக்டரின் விரல்கள் சில்லென்றிருந்தன. வலப்பக்கம். அக்குள். இடப்பக்கம். அங்கே நின்றன. அதே இடத்தை மறுபடி வட்டமிட்டன. ருக்மணி கூரை விசிறியின் இறக்கைகளை எண்ணினாள். மூன்று. திரும்பவும் மூன்று.

"இப்ப ஒண்ணும் தட்டுப்படலயாம்," என்றாள் மும்தாஜ். "வயசு?"

"முப்பத்தாறு."

"மத்தவங்களுக்குன்னா நாப்பதுக்கு மேல பார்க்கலாம்பாங்களாம். உங்க கூடப்பொறந்தவங்களுக்கே வந்திருக்கு, காத்திருக்க வேணாம். மாசம் ஒரு தடவ, தூரம் நின்னு ஒரு வாரம் கழிச்சு, நீங்களே தடவிப் பாருங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ இங்க வாங்க."

"தெனம் பார்த்துட்டா?"

"தெனம் தடவினா பயந்தான் வளரும் லா. வித்தியாசம் தெரியாது. ஞாபகப்படுத்த வீட்ல யாரு இருக்கா?"

"மாடு."

மும்தாஜ் சிரித்துவிட்டு டாக்டருக்கு மொழிபெயர்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த தேதியைத் தானே ஒரு சீட்டில் எழுதி அவள் கையில் வைத்தாள்.

வீட்டில் நாள்காட்டி முன் நின்று விரல்விட்டு எண்ணி, ஒரு நாளைச் சுற்றி வட்டம் போட்டாள் ருக்மணி. பிறகு திரும்பக் கொண்டுவந்த புட்டிப் பாலைக் காய்ச்சினாள். "பால்ல ஒண்ணுமில்லக்கா," என்றாள் அடுப்பைப் பார்த்து. கொட்டிலில் மாடு தலையைத் திருப்பியது.

பால் பொங்கிற்று. பழைய பழக்கத்தில் அக்காளுக்கும் சேர்த்து இரண்டு டம்ளரை எடுத்தவள், ஒன்றைத் திரும்ப வைத்தாள்.