பிடுங்கச் சொன்னவன்

சலவை ஆலை மேனேஜர் என்னை "ஐயா" என்று கூப்பிட்டான். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. போன வாரம்வரை வாசலில் காயப்போட்டு, "யோவ் பெருசு, தள்ளி நில்லுய்யா" என்றவன். அப்படிப்பட்டவன் நாக்கில் திடீரென்று தேன் சொட்டினால் பக்கத்தில் எங்கேயோ கொடுக்கு இருக்கிறது.

என் மருமகள் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரி, லாட்ஜ் விரிப்புகளெல்லாம் மூட்டைமூட்டையாக வந்து இறங்கும். துவைத்ததைச் சூடான உருளைக்குள் விட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். அந்தக் கம்பியை யாரோ மேலே தூக்கி ஒயரால் கட்டியிருக்கிறார்கள். மெஷின் நிற்கவில்லை. இரண்டு விரல் போயிற்று, அதுவும் வலது கையில்.

அவளே கட்டிக்கொண்டாள் என்றது கம்பெனி. தன் கையைத் தானே அரைத்துக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா?

மேலே கேமரா இருந்தது. கேமராப் பெட்டி பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகுமாம். அன்றைய படத்தை மட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தார்கள். தொழிலாளர் ஆபீசர் அதை உறையில் போட்டு முத்திரை வைத்து ஆலை ஆபீஸிலேயே விட்டுப் போயிருந்தார். வேறு நகல் கிடையாது. இரண்டு தரப்பும் ஒருமுறை பார்த்துவிட்டு, நாங்கள் வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுக்க வேண்டும். அதில்தான் அவள் நியாயம் மொத்தமும் இருந்தது.

என் மகன் வாயில்லாப் பூச்சி. "பெரிய இடம்ப்பா, பகைச்சுக்க வேணாம்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். நானும் அவளும்தான் போனோம். எனக்கும் அவளுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

"மாமா, நீங்க வாயைத் திறக்காம வந்தா போதும்."

"திறக்காம இருக்க என் வாய் என்ன உன் கம்பெனிக் கதவா?"

ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் பையன் ஒருவன். பையன் என்றாலும் தலை பாதி நரைத்தவன், சோடாபுட்டிக் கண்ணாடி. அவன் உறையைப் பிரித்து, சோப்புக்கட்டி அளவில் இருந்த டிஸ்க்கை ஒயரில் மாட்டிப் படத்தைப் போட்டான். மேனேஜரும் பின்னால் வந்து நின்றான். திரையில் மேனேஜர் முக்காலியில் ஏறித் தன் கையாலேயே கம்பியைத் தூக்கிக் கட்டுகிறான். கொஞ்ச நேரத்தில் அவள் வருகிறாள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தேன். அவள் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

மேனேஜர் விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டான்.

சோடாபுட்டி படத்தை மூடிவிட்டு எதையோ அழுத்தினான். திரையில் ஏதோ எழுத்து வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதுவே.

"என்னய்யா சொல்லுது?"

"டிஸ்க் வேலையில இருக்காம். இப்ப எடுக்கக் கூடாதாம். கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தோம். திரையில் அந்த எழுத்து மாறவில்லை. என் தலைக்குள் கொதிக்க ஆரம்பித்தது. வாசலில் காத்திருக்க வைத்தது போதாதென்று இங்கேயுமா?

"படத்தை மூடிட்டே. அப்புறம் அதுக்கு என்னய்யா வேலை? எங்களை என்ன கேனயன்னு நெனச்சியா?" என்று மேஜையில் ஒரு அடி போட்டேன். டிஸ்க்கைப் பிடித்தேன். ஒரு இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும்.

"மாமா!" என்றாள் அவள்.

அப்போதுதான் மேனேஜர் கதவோரம் தலையை நீட்டினான்.

"ஐயா, எதுக்கு இவ்வளவு நேரம் நின்னுக்கிட்டு? சும்மா பிடுங்கிட்டுப் போங்க. ஒண்ணும் ஆகாது."

என் கை அப்படியே நின்றது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. படிப்பும் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் இந்த மாதிரி ஆள் எனக்கு நல்லது சொல்ல மாட்டான் என்பது மட்டும் தெரியும். கையை எடுத்துவிட்டேன்.

"ஏன் ஐயா, பயமா?" என்று சிரித்தான்.

"நீ சொல்றியே, அதான் பயம்."

அவன் முகம் சுருங்கிற்று. தலையை இழுத்துக்கொண்டான்.

சோடாபுட்டியிடம் திரும்பினேன். "உண்மையைச் சொல்லு. நீ பிடிக்கலை, நாங்க பிடிக்கலை. அப்ப இதை எவன் பிடிச்சிருக்கான்?"

அவன் கதவைப் பார்த்தான். அவளுடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். பிறகு முணுமுணுத்தான்.

"இங்க எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இணைப்புங்க. உள்ள மேனேஜர் ஐயா ரூம்லயும் இந்த டிஸ்க் தெரியும். அங்க இருந்து எதையோ இதுக்குள்ள கொட்டிக்கிட்டு இருக்காங்க. எழுதிக்கிட்டு இருக்கும்போது பிடுங்கினா உள்ள இருக்கிறது மொத்தமும் கெட்டுப்போகலாம்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேனேஜரே அழித்தால் அவன் தலை உருளும். நான் பிடுங்கிக் கெட்டால்? "கிழவன் முரடன், சொல்லச் சொல்லக் கேக்காமப் பிடுங்கிட்டான்" என்று கைகழுவிவிடலாம். என் கோபத்தை வைத்தே என் வீட்டுப் பெண்ணின் வாயில் மண்ணைப் போடப் பார்த்திருக்கிறான், படுபாவி!

பாய்ந்தேன். ஆனால் அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

மேனேஜர் அறைக் கதவை இடது கையால் விரியத் திறந்து, அங்கிருந்தே உருளைக் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்: "அக்கா! எல்லாரும் இங்க வாங்க! இந்தாளு என்ன பண்றான்னு வந்து பாருங்க!"

சாப்பாட்டு மணி அடித்திருந்த நேரம். கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஏழெட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். அவன் மேஜைத் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"இது என்னன்னு கேளுங்கக்கா. நம்ம மெஷின் படத்தைக் கெடுக்கறதுக்காகக் குப்பையை உள்ள தள்ளிக்கிட்டு இருக்கான். கம்பியைக் கட்டினதே இவன்தான். இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."

"அடப்பாவி! நாளைக்கு என் கையும்தானே போயிருக்கும்?" என்றாள் ஒருத்தி.

மேனேஜர் என் பக்கம் திரும்பினான். "ஐயா, பொம்பளைங்களைப் போகச் சொல்லுங்க. நாம உக்காந்து பேசிக்கலாம். உங்களுக்கு என்ன வேணும்?"

"அவரை ஏன் கேக்கறே?" என்றாள். "போனது என் விரலு. என்னைக் கேளு. அதை நிறுத்து முதல்ல."

அவன் அசையவில்லை. பெண்கள் மேஜையைச் சுற்றி நெருங்கினார்கள். அவன் கை மவுஸைத் தேடியது. பச்சைக் கோடு மறைந்தது. திறந்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடினான்.

பக்கத்து அறையிலிருந்து சோடாபுட்டியின் குரல்: "இப்ப எடுக்கலாம்னு வந்துடுச்சு!"

"படம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் இன்னொரு தடவை போட்டுப் பார்த்து, "முழுசா இருக்கு" என்றான். மறுபடி மூடி, அழுத்தி, திரை சம்மதம் சொன்ன பிறகு அவளே இடது கையால் கழற்றி எடுத்தாள்.

வெளியே வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். "அவனை நாலு அறை விட்டிருக்கணும்" என்றேன். "திரும்பிப் போறேன், இரு."

"போங்க. அறைஞ்சீங்கன்னா நாளைக்கு ஊரே அவன் கன்னத்தைப் பத்தித்தான் பேசும். என் கையை எவனும் பேசமாட்டான். ஆபீசர் கிளம்பறதுக்குள்ள நடங்க மாமா."

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.