நெய் நிறத்தில் ஒரு வைரம்

எங்க டோரீன் அக்காவுக்கு அம்பத்திரண்டு வயசுல கல்யாணம். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க, அப்புறம் நான் சொல்றதைக் கேளுங்க. அல்சூர் பஜார்ல பாதிப் பேர் சிரிச்சாச்சு. என் மேட்சிங் சென்டருக்கு ப்ளவுஸ் துணி எடுக்க வந்த ஒருத்தி, புடவையை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, "உங்க அக்காவுக்காமே யூனிஸ்?"ன்னு இன்னொரு கையால வாயைப் பொத்திக்கிட்டா. "ஆமா, எங்க அக்காவுக்குத்தான். உனக்கும் வேணும்னா சொல்லு, இன்னொரு மாப்பிள்ளை பாக்கறேன்"னு சொல்லிட்டேன். அவ இப்ப வேற கடைக்குப் போறா. போகட்டும், நல்லா இருக்கட்டும்.

மாப்பிள்ளை பேரு ஆம்ப்ரோஸ். எங்க சர்ச் பாடகர் குழுவுல அடிக்குரல் பாடறவர். மனைவி மெர்லின் தவறி ஆறு வருஷம் ஆச்சு. சின்ன வயசுல இருந்து நான் அண்ணேன்னு கூப்பிட்ட மனுஷன், இனிமே அதே வாயால மாமான்னு கூப்பிடணுமாம். "மூணு ஓலையும் முடியட்டும் அண்ணே, அப்புறம் பார்க்கலாம்"னு சொல்லி வெச்சிருந்தேன். ஓலைன்னா, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை இருந்தா சொல்லுங்கன்னு ஆயர் மூணு ஞாயித்துக்கிழமை ஆராதனையில வாசிக்கறது. மூணாவதும் வாசிச்சாத்தான் கல்யாணம் நிச்சயம்.

அக்கா எல்.கே.ஜி. டீச்சர். ஏன் இத்தனை நாளா கல்யாணம் பண்ணிக்கலன்னு யாராவது கேட்டா, "யாரும் ஒழுங்கா கேக்கல"ம்பா. ஆம்ப்ரோஸ் அண்ணன் ஒழுங்காக் கேட்டிருக்கார் போல. ஆனா சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே அவ ஒரு நிபந்தனை போட்டா பாருங்க, அதுதான் எங்க அக்கா. "அவர் பொண்ணு சோனியா முழு மனசா சம்மதிக்கணும். அந்தப் பொண்ணு முகத்துல சின்னதா ஒரு சுளிப்பு தெரிஞ்சாலும் மூணாவது ஓலையை நிறுத்திடுவேன். அவ அம்மா வாழ்ந்த வீட்டுக்குள்ள அவ மனசை மிதிச்சுக்கிட்டு நான் நுழையமாட்டேன்"னுட்டா. சொன்னா செய்யறவ. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு.

ஏன்னா சோனியா முகத்துல ஒண்ணுமே தெரியாது. ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு ஒரே பொண்ணு. எலெக்ட்ரானிக் சிட்டியில வேலை, அங்கேயே பி.ஜி.யில தங்கல், சனி ஞாயிறு மட்டும் வீடு. "உனக்குச் சந்தோஷந்தானேம்மா?"ன்னு நானும் எத்தனை தடவையோ கேட்டுப் பார்த்தேன். "ஐயாம் ஃபைன், ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு ஃபோனைப் பார்ப்பா. அதுல என்னத்தைக் கண்டுபிடிக்கறது?

முதல் ஓலை வாசிக்கறதுக்கு முன்னாடி சனிக்கிழமை, அவளே ஃபோன் பண்ணினா. "டோரீன் ஆன்ட்டியைக் கூட்டிக்கிட்டு பிரகாஷ் அங்கிள் கடைக்கு வாங்க. அம்மா கம்மல்ல இருந்த வைரத்துல ஆன்ட்டிக்கு மோதிரம் செய்யலாம்னு இருக்கேன்"னா. அக்காவுக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கிடுச்சு. எனக்கு வேற பயம். மெர்லின் போட்டிருந்த கல்லாச்சே, கொடுக்கறவ மனசு எப்படியோ.

பிரகாஷ் கடை பஜார்லயே இருக்கற சின்ன நகைக்கடை. நாங்க போறப்பவே சோனியா உட்கார்ந்திருந்தா. கம்மலை முன்னாடியே பிரிச்சு, ரெண்டு கல்லையும் தனியா ஒரு பொட்டலத்துல வெச்சிருந்தாங்க. ஒண்ணு மோதிரத்துக்கு, இன்னொண்ணு லாக்கருக்குன்னு சோனியா சொன்னா. பிரகாஷ் பொட்டலத்தைப் பிரிச்சார். நான் எட்டிப் பார்த்தேன். மஞ்சள்! காய்ச்சின நெய் இருக்கும் பாருங்க, அந்த நிறம். நடுவுல ஒரு புள்ளி வேற.

"ஐயோ, பழுத்துப் போயிருக்கே! ஓட்டை வேற இருக்கு!"ன்னேன்.

பிரகாஷ் சிரிச்சார். "ஓட்டை இல்லக்கா. அந்தக் காலத்துல கையால பட்டை தீட்டினது. அடிமுனையைக் கூரா விடாம கொஞ்சம் தட்டையா வெட்டிடுவாங்க. மேல இருந்து பார்த்தா புள்ளியாத் தெரியும். நிறமும் அது பிறந்த நிறம்தான், வயசாகி வந்தது இல்ல."

"எதுக்கும் வெளிய எடுத்துக்கிட்டு வாங்க"ன்னேன். என் தொழில் புத்தி அது. ட்யூப்லைட்டு வாய் கூசாம பொய் சொல்லும். எந்தத் துணியையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயில்ல காட்டாம நான் கிழிச்சுக் கொடுக்கமாட்டேன். பிரகாஷும் சலிச்சுக்காம வாசலுக்கு வந்து, இடுக்கியில பிடிச்சுக் கல்லைத் திருப்பினார்.

அம்மாடி! புதுக் கல்லெல்லாம் பொடிப்பொடியா மினுக்கும், கண்ணு கூசும். இது அந்த அவசரக்காரக் கல்லே இல்ல. சாவகாசமா, பெருசு பெருசா வெளிச்சத்தை எடுத்து வீசுது. ஒரு பக்கம் ஆரஞ்சு, திருப்பினா நீலம், அப்புறம் கொஞ்சம் இருட்டு, மறுபடியும் பளிச்சுன்னு ஒரு வீச்சு. ரோட்டுல ஆட்டோ ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கு, நான் நகரவே இல்ல. எத்தனையோ அழகான நிறத்தைக் கையால தொட்டவ நான், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. அக்கா மெதுவா, "மெர்லின் கொடுத்து வெச்சவ"ன்னா. சோனியா முகத்தைத் திருப்பிக்கிட்டா.

உள்ள போனதும் பிரகாஷ் சாம்பிள் மோதிரங்களை எடுத்து வெச்சார். மஞ்சள் தங்கம், ரோஸ் கோல்டு, ஒயிட் கோல்டு. கல்லை ஒவ்வொண்ணு மேலயும் உட்கார வெச்சுக் காட்டினார். மஞ்சள் தங்கத்துல வெச்சா, அதோட மஞ்சள் தங்கத்தோட போய்ச் சேர்ந்துக்கிட்டு, கல்லு தெளிவா நிக்குது. ரோஸ் கோல்டுல கன்னம் சிவந்த மாதிரி ஒரு அழகு. ஒயிட் கோல்டுல வெச்சாரோ இல்லையோ, போச்சு, தேத்தண்ணி சிந்தின மாதிரி ஆயிடுச்சு.

"ஒயிட் கோல்டு"ன்னா சோனியா.

நான் சும்மா இருப்பேனா? "ஏம்மா, பளீர் வெள்ளைக்குப் பக்கத்துல க்ரீம் துணியை வெச்சா துவைக்காத துணி மாதிரித் தெரியும். தினம் பார்க்கறேன் நான். இந்தக் கல்லுக்கு மஞ்சள்தான் துணை."

"அக்கா சொல்றது சரிதாம்மா"ன்னார் பிரகாஷ்.

"எனக்கு ஒயிட்தான் வேணும், ஆன்ட்டி. எல்லோ வேண்டவே வேண்டாம்." குரல் அப்படியே இறுகிப் போச்சு.

அக்கா என் காலை ஒரு மிதி மிதிச்சா. "வெள்ளையே இருக்கட்டும் பிரகாஷ். ஒண்ணே ஒண்ணு, நகம் நகமாத் தூக்கிப் பிடிக்கற மாதிரி வேண்டாம், பிள்ளைங்க ஸ்வெட்டர்ல மாட்டும். சுத்தி விளிம்பு கட்டிடுங்க"ன்னா. சோனியா உடனே ஃபோன்ல தேடி, விளிம்பு கட்டின ஒயிட் கோல்டு மோதிரம் ஒண்ணோட ஃபோட்டோவை எடுத்து பிரகாஷுக்கு அனுப்பிட்டா. முடிஞ்சது.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நான் கத்திக்கிட்டே வந்தேன். "உன் கையில அது அழுக்காத் தெரியணும்னே கேக்கறா! உனக்குப் புரியலையா?"

"அவ அம்மா கல்லை அவ கொடுக்கறா, யூனி. நீ நிறம் பேசாத"ன்னா அக்கா. இந்தப் பொறுமையை எங்க வாங்கினாளோ, எனக்கும் கொஞ்சம் வாங்கிட்டு வந்திருக்கலாம்.

ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவதுக்கு முந்தின நாள், மோதிரம் வந்திருச்சுன்னு பிரகாஷ் கூப்பிட்டார். ஆம்ப்ரோஸ் அண்ணன் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். நாங்க மூணு பேர்தான் போனோம். பிரகாஷும் அப்பத்தான் டப்பியைத் திறந்தார். திறந்தவர் முகம் வெளிறிப் போச்சு.

உள்ள மஞ்சள் தங்க மோதிரம். விளிம்பு, வளைவு எல்லாம் ஃபோட்டோவுல இருந்த மாதிரியே அச்சு அசலா இருக்கு. தங்கம் மட்டும் மஞ்சள்.

கல் பதிக்கற நாகேஷ் நகரத்பேட்டையில இருக்கார், கன்னடக்காரர். பிரகாஷ் ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டார். "ஏனப்பா இது?"

"நீவே ஹேளித்ரல்லா சார், வாய்ஸ் மெசேஜ்ல. ஹளதி அந்தா!"ன்னார் அவர், நீங்கதானே சொன்னீங்கன்னு.

பிரகாஷ் தலையில கை வெச்சுக்கிட்டார். "ஹளதி இல்லப்பா! ஹளேது! கல்லு ஹளேது, ஜாக்கிரதை, மிச்சமெல்லாம் ஃபோட்டோவுல இருக்குன்னேன்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. கன்னடத்துல ஹளேதுன்னா பழசு, ஹளதின்னா மஞ்சள். பிரகாஷ் பிறந்ததுல இருந்து கன்னடம் பேசறார்தான். ஆனா நாக்கு அல்சூர் தமிழ் நாக்கு, மெசேஜ் அனுப்பினது மெட்ரோ ஸ்டேஷன் வாசல் இரைச்சல்ல. பழசுன்னு சொல்லி மஞ்சள் வந்து நிக்குது! வேணும் நல்லா, என் பேச்சைக் கேக்காததுக்குன்னு சொல்ல வாயைத் திறந்தவ, சோனியாவைப் பார்த்தேன்.

அழுதுக்கிட்டிருந்தா. சத்தமே இல்லாம, கண்ணுல இருந்து பொலபொலன்னு கொட்டுது. சுளிப்புக்கே ஓலை நிக்கும்னு சொன்னவ பக்கத்துல நிக்கறா. போச்சு, எல்லாம் போச்சு.

அக்கா ஒண்ணும் கேக்கல. ஏன் அழறன்னுகூட கேக்கல. எல்.கே.ஜி. பிள்ளை அழுதா என்ன பண்ணுவாளோ அதைத்தான் பண்ணினா. குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவ பக்கத்துல உட்கார்ந்து, சும்மா இருந்தா. நானா இருந்தா அதுக்குள்ள ஒம்பது கேள்வி கேட்டிருப்பேன்.

கடைசியில சோனியாவே பேசினா. "அம்மா கம்மல் இப்படித்தான் ஆன்ட்டி இருக்கும். மஞ்சள் தங்கத்துல, இதே மாதிரி விளிம்பு கட்டி. வெள்ளையில கட்டிட்டா வேற கல்லு மாதிரி ஆயிடும்னு நெனச்சேன். உங்க கையில பார்க்கறப்ப எல்லாம் அம்மா காது ஞாபகம் வந்துச்சுன்னா... உங்களை எனக்குப் பிடிக்காமப் போயிடுமோன்னு பயம். எனக்கு உங்களைப் பிடிக்கணும் ஆன்ட்டி."

அடக் கடவுளே. நிறம், நிறம்னு ரோடு பூரா கத்தினேனே, இந்தப் பிள்ளை இதையா சுமந்துக்கிட்டு இருந்தா!

அக்கா டப்பியை அவ பக்கம் தள்ளினா. "அப்போ இது உனக்கும்மா. எனக்கு வெறும் தங்க வளையம் போதும். நாளைக்கு ஓலையும் வேண்டாம், ஆயர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ சொல்ற அன்னிக்கு வாசிக்கட்டும். நீ சொல்லாமலே போனாலும் எனக்கு உன் மேல கோபம் வராது." நெஜமாவே விட்டுக் கொடுத்துட்டா. அந்த நிமிஷம் எங்க அக்காவை எழுந்து நின்னு கும்பிடலாம் போல இருந்துச்சு.

சோனியா மோதிரத்தை எடுத்துக்கிட்டு விடுவிடுன்னு வாசலுக்குப் போனா. வெயில்ல பிடிச்சுத் திருப்பினா. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே நின்னா. அப்புறம் திரும்பி, "ஆன்ட்டி, இங்க வாங்க. கையைக் கொடுங்க"ன்னா.

அக்கா போனா. சோனியா மோதிரத்தை அவ விரல்ல போட்டு, அந்தக் கையை வெயிலுக்கு நீட்டிப் பிடிச்சா. கல்லு அந்தச் சாவகாசமான வீச்சை வீசுச்சு, சோனியா முகத்து மேலயே. சாக்பீஸ் பிடிச்சுக் காய்ச்சுப்போன விரல்ல அது எப்படி இருந்துச்சுங்கறீங்க! அந்தக் கைக்குன்னே வெட்டின மாதிரி.

"பஸ்ல அம்மா தோள்ல சாஞ்சு தூங்குவேன். வெயில் பட்டா இதேதான், கண்ணுல குத்தி எழுப்பி விட்டுடும்"னா சோனியா. அழுகையும் நிக்கல, கையையும் விடல. "இருக்கட்டும் ஆன்ட்டி. எழுப்பட்டும்."

அப்புறம் துப்பட்டாவுல மூக்கைத் துடைச்சுக்கிட்டு உள்ள பார்த்து, "பிரகாஷ் அங்கிள், அந்த இன்னொரு கல்லு லாக்கருக்கு வேண்டாம். எனக்கு மோதிரமாக் கட்டிக் கொடுங்க, நான் போட்டுக்கறேன்"னா.

பிரகாஷ் பயந்துக்கிட்டே கேட்டார், "வெள்ளையாம்மா, மஞ்சளா?"

"ஹளதி"ன்னா. "நாகேஷ் அங்கிளுக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்றேன். நீங்க வாயைத் திறக்காதீங்க."

நாங்க சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடிக்குது. ஆம்ப்ரோஸ் அண்ணன். பயிற்சியில பாட்டே ஓடியிருக்காது மனுஷனுக்கு. "யூனிஸ், என்னம்மா ஆச்சு? சோனியா எப்படி இருக்கா?"ன்னார்.

வாசல்ல ரெண்டு பேரும் இன்னும் கையைக் கோத்துக்கிட்டு வெயில்ல நின்னுக்கிட்டிருந்தாங்க.

"நல்லா இருக்கா, மாமா"ன்னேன்.

அந்தப் பெரிய அடிக்குரல் உடைஞ்சு போய், "இன்னும் ஒரு ஓலை பாக்கி இருக்கேம்மா"ன்னுச்சு.

"அதை நாளைக்கு வாசிச்சிடுவாங்க, மாமா"ன்னேன்.