பெயர் எழுதிய மூலை

ஓசூர் சிப்காட்டின் பின்பக்கம், லாரி ஷெட்டுக்கும் டீக்கடைக்கும் நடுவே இருக்கிறது குருமூர்த்தியின் சர்க்யூட் போர்டு அலுவலகம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. போர்டை வரைந்தவர் அதன் மூலையில் தனக்குப் பிடித்த பெயர் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். குருமூர்த்தி தன் முதல் போர்டில் பைக் நம்பரைப் போட்டவர். ஜைபா ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்வாள். பூங்கொடிக்கு அந்த உரிமை வந்து சேர மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை அவள் பிறர் போர்டுகளில் திருத்தம் செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கென்று வந்த முதல் போர்டு, யானைப் பெட்டிக்கானது. காட்டோரத்து வேலிக் கம்பத்தில் பெட்டியை மாட்டிவிட்டால், யானை குறுக்கே வந்ததும் ஊருக்குச் சேதி அனுப்பும். எல்லார் போனிலும் மணி அடிக்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று குருமூர்த்தி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், என்னவோ பழமொழியையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி. பெட்டியைக் கேட்டிருந்தது ஜவளகிரிப் பக்கத்து விவசாயிகள். பூங்கொடியின் ஊரும் ஜவளகிரிதான். காட்டை ஒட்டிய கடைசி நிலம் அவள் அப்பா தீர்த்தகிரியுடையது. மூலையில் யார் பெயரைப் போடுவது என்று அவள் யோசிக்கவே இல்லை.

போர்டு வரைவதென்றால் கோடு இழுப்பதுதானே என்று நினைப்பவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தொடக்கூடாது. குறுக்கே ஏதாவது வந்துவிட்டால் சின்னத் துளை போட்டு, கோட்டைப் போர்டின் அடிப்பக்கம் இறக்கிக் கொண்டுபோக வேண்டும், நெடுஞ்சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை போகிற மாதிரி. அந்தத் துளைக்கு வயா என்று பெயர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிக்னல் போனால் மட்டும் போதாது, அது திரும்பி வரவும் வழி வேண்டும். திரும்பும் வழியைக் கிரவுண்டு என்பார்கள். சிக்னல் இறங்குகிற வயாவுக்குப் பக்கத்திலேயே கிரவுண்டுக்கும் வயா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஊரைச் சுற்றிக்கொண்டு வரும், வருவதற்குள் பாதி பலம் போய்விடும். போகிறவனை வழியனுப்பப் பத்துப் பேர் நிற்பார்கள்; திரும்பி வருகிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை. வரைகிறவர்களும் அப்படித்தான்.

ஆண்டெனாவுக்குப் போகும் கோடு அந்த மூலையில்தான் அடியில் இறங்கியது. பக்கத்தில் மூன்று கிரவுண்டு வயா ஒழுங்காக வைத்திருந்தாள் பூங்கொடி. சாஃப்ட்வேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அப்பாவின் பெயரைப் படமாகச் செய்து உள்ளே கொண்டுவந்தாள். சின்னதாக வைத்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு மை அப்பினது போல ஆயிற்று. பெரிதாக்கினால் 'ர்' புள்ளி ஒரு வயாவுக்குள் விழுந்தது, 'கி'யின் மேல்வளைவு இன்னொன்றில் அறுந்தது.

"இங்கிலீஷ்ல போடேன்டீ, அடங்கிடும்," என்றாள் பக்கத்து நாற்காலி ஜைபா.

"எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராதே."

"அப்ப ரெண்டு ஓட்டைய நவுத்து."

நகர்த்த இடமில்லை. மூன்றையும் எடுத்துவிட்டாள். கிரவுண்டுக்குத்தான் போர்டு முழுக்க வயா இருக்கிறதே, மூன்று போனால் என்ன என்று தோன்றியது. சாஃப்ட்வேரைச் சரிபார்க்கச் சொன்னாள். பிழை ஏதும் இல்லை என்றது. எந்தக் கோடும் அறுந்திருக்கவில்லை, எதுவும் எதையும் தொடவில்லை. அது வேறென்ன சொல்லும்? அலுவலக முறைப்படி ஜைபா பார்த்தாள். அவளும் பெயரின் அழகைத்தான் பார்த்தாள்.

முதலில் வந்த பெட்டியைச் சோதனைக்கென்று தீர்த்தகிரியின் நிலத்திலேயே மாட்டினார்கள். கையைக் குறுக்கே நீட்டியதும் ஊரில் மணி அடித்தது. மூடியைத் திறந்து பெயரைக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார், பிறகு போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். ராகி கதிர் பிடிக்கிற நேரம் அது. மறுவாரம் போனில் சொன்னார்: "மரத்து மேல இருந்த காவல் பரணப் பிரிச்சுப்புட்டேன் பாப்பா. இனி எதுக்கு? பொட்டிதான் காவலுக்கு இருக்குதே. களத்துக் கொட்டாயிலயே கால நீட்டித் தூங்கறேன்."

அதற்குள் மற்றப் பெட்டிகளும் தயாராகிவிட்டன. காரில் ஏற்றிக்கொண்டு தளி ரோட்டில் போகப் போகச் சோதித்தார்கள். கிட்டத்தில் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தொலைவு கூடக் கூட இரண்டில் ஒரு சேதி வந்து சேரவில்லை.

கோபம் வந்தால் குருமூர்த்திக்குக் கன்னடம் வரும். "ஏனாய்த்து இதக்கே?" என்று பெட்டியைத் தட்டினார். பிறகு தமிழுக்கு இறங்கி, "என்னதான் ஆச்சு? பத்தவெச்ச சால்டர் சரியில்ல. அசெம்பிளியில என்னத்த பண்றாங்களோ! மாதேஸ்வரிய கூப்புடுங்க," என்றார். மாதேஸ்வரிதான் அந்த வரிசையில் பற்றவைக்கிறவள்.

பூங்கொடி தன் கம்ப்யூட்டருக்குப் போனாள். ஆண்டெனா கோட்டை மட்டும் பளிச்சென்று காட்டச் சொல்லி, அதன் வழியே கண்ணை ஓட்டினாள். கோடு மூலையில் இறங்கியது. திரும்பி வரும் வழியைத் தேடினாள். மிக அருகிலிருந்த கிரவுண்டு வயாவே வெகு தூரம் தள்ளி இருந்தது. நடுவில் அப்பாவின் பெயர், சுழி சுழியாக, அடித்துப் போட்டது போலப் படுத்திருந்தது.

ஆண்டெனாவைப் பெரிதாக்கினால் ஓரளவு சரியாகலாம் என்று பக்கத்து அறையில் பேச்சு ஓடியது. உண்மைதான், ஊருக்குப் பக்கத்துப் பெட்டிகளெல்லாம் பிழைத்துக்கொள்ளும். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கடைசிக் கம்பம் யாருடையது? சோதனையன்று ஒருமுறை அடித்த மணி அடுத்த முறையும் அடிக்கும் என்று என்ன நிச்சயம்? நாயே இல்லாத வீட்டுக்காரன் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு விழித்திருப்பான். குரைக்காத நாயை நம்பியவன்தான் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவான். பெட்டி இல்லாத காலத்தில் அப்பா பரண்மேல் இருந்தார். இப்போது தன் மகள் பேரைச் சொல்லித் தரையில் படுத்திருக்கிறார்.

எழுந்து போய், "மாதேஸ்வரி அக்காவ ஒண்ணும் கேக்காதீங்க சார். மூணு கிரவுண்டு வயாவ நான்தான் எடுத்தேன். பேரு எழுதறதுக்கு," என்றாள்.

ஜைபாதான் முதலில் பேசினாள். "பாத்து ஓகே போட்டது நான் சார்."

குருமூர்த்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் போர்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசா அடிச்சு வர்றதுக்குள்ள ராகி அறுத்துடுவாங்க. ரெண்டு பக்கமும் கிரவுண்டு செம்பு இருக்குல்ல? கையால ஓட்டை போட்டு, கம்பி வுட்டு, ரெண்டு பக்கமும் பத்தவெச்சா?"

"எந்த எடத்துல சார்?"

"எடுத்த எடத்துலயேதான்மா. வேற எங்க?"

வெளியே வந்து முதலில் அப்பாவுக்குப் போன் போட்டாள். பெட்டியை நம்ப வேண்டாம், பரணைத் திரும்பக் கட்டச் சொன்னாள். "ஊரு பூரா சொல்லிப்புட்டேனே பாப்பா," என்றார் தீர்த்தகிரி. அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள்.

துளை போடும் வேலையைப் பூங்கொடி யாரிடமும் கொடுக்கவில்லை. குண்டூசி கனத்துத் துளையூசியை இயந்திரத்தில் மாட்டி, ஒவ்வொரு போர்டிலும் அப்பாவின் பெயர்மேல் இறக்கினாள். 'ர்' புள்ளி முதலில் போனது. மாதேஸ்வரி கம்பியை நுழைத்துப் பற்றவைத்தபடி, "நல்ல பேரும்மா, பாவம்," என்றாள். மறுபடி தளி ரோட்டுக்குப் போனார்கள். இந்த முறை எவ்வளவு தொலைவு போயும் ஒரு சேதிகூடத் தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். தீர்த்தகிரி மரத்தின்மேல் உட்கார்ந்து பரணுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் இறங்கி வந்ததும், பெட்டியிலிருந்து பழைய போர்டை எடுத்துவிட்டுத் துளை போட்டதைக் காட்டினாள். அவர் விரலால் தடவினார். மூன்று வெள்ளீயப் பொட்டுகள் தட்டுப்பட்டன.

"எம் பேரு மேலயா ஓட்ட போட்ட?"

"உன் பேர எழுதத்தாம்ப்பா அந்த ஓட்டைய எடுத்தேன். அதனாலதான் பொட்டிக்குக் குரல் எழும்பல."

தீர்த்தகிரி போர்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகம் இளகியது.

"பேரு வெச்ச புள்ளைக்குக் காது குத்தணுமில்ல? நீ குத்தாம வுட்டுட்ட. இப்பக் குத்திட்ட. வுடு."

அவள் சிரித்தாள், கண்ணும் கலங்கிவிட்டது. மூடியைத் திருகிக் கம்பத்தில் மாட்டினாள். அவர் அதற்குள் மரமேறிக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துவிட்டார்.

"பொட்டிதான் இப்ப சரியாயிருச்சேப்பா."

"அது பாட்டுக்கு அது கூப்புடட்டும். நாம்பாட்டுக்கு நான் ஒக்காந்திருக்கேன்."

அந்த வாரக் கடைசியில், பொழுது சாய்கிற நேரம், அலுவலகத்தில் டீ வந்திருந்தது. பூங்கொடியின் போனில் யானைப் பெட்டியின் மணி அடித்தது. ஜவளகிரி, கடைசிக் கம்பம். டம்ளரை வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஜைபா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குருமூர்த்தி கதவருகே வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

போன் அடித்தது. பின்னால் தகரம் தட்டும் சத்தம், யார் யாரோ கத்துகிற சத்தம், வெடிச் சத்தம்.

"மேலதான் இருக்கேன் பாப்பா," என்றார் தீர்த்தகிரி மூச்சு வாங்க. "ஊரே ஓடியாந்துச்சு. மூணு யான. இப்பத்தான் காட்டுப் பக்கம் திரும்புச்சுங்க."

"நீ பாத்துட்டியாப்பா மொதல்லயே?"

"எங்க பாத்தேன்? பரண் மேலயே கண்ணசந்துட்டேன். பொட்டிதான் எழுப்புச்சு."