மறைத்த பக்கங்களுக்கு ஒரு பொன்னாடை

அந்த வெள்ளிக்கிழமை மாலை, ஸ்காபரோவில் மாகாண சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் இருந்தவர்கள்: எம்பிபி என்று எங்கள் ஆட்கள் சொல்லும் அந்த உறுப்பினர், அவருடைய உதவியாளர் கரோலின், முதியோர் மன்றத் தலைவர் அருள்நாயகம் அங்கிள், பாலேஸ்வரி அன்ரி, அன்ரி வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் நான். கூடவே ஒரு பொன்னாடை. எங்களோடு வந்ததில் மரியாதை கிடைத்தது அதற்கு மட்டுந்தான்.

அன்ரிக்கு வேண்டியிருந்தது ஒரு பதில். அவருடைய கணவர் சச்சிதானந்தன் விட்பியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டிலிலிருந்து விழுந்து இறந்தார். விழுந்த பிறகு அவர் அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருந்ததாகப் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். யாராவது வந்தார்களா? மாகாண அரசின் பரிசோதகர் போய் விசாரித்து அறிக்கை எழுதினார். இணையத்தில் போட்ட சுருக்கத்தில், குறைபாடு கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது என்று ஒரு வரி. செத்தவரை எப்படித் திருத்தினார்கள் என்று அதில் இல்லை.

முழு அறிக்கையைத் தரும்படி தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அன்ரிக்காக நான்தான் விண்ணப்பம் எழுதினேன். மாதக்கணக்கில் இழுத்தடித்து அனுப்பினார்கள். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் வரிகளை மறைத்துக் கறுப்பு மை. திகதியும் பக்க எண்ணும் மட்டும் தப்பியிருந்தன. மேன்முறையீடு செய்யலாம், ஆனால் அதற்குத் தவணை உண்டு; குறித்த நாளுக்குள் அனுப்பவேண்டும். எல்லாவற்றையும் எழுதி அன்ரியின் மேசையில் வைத்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

எப்படியோ மணம் பிடித்துக்கொண்டு அருள்நாயகம் அங்கிள் வந்து சேர்ந்தார்.

"தங்கச்சி, வழக்கு முறைப்பாடெண்டு போனால் அவைக்கு மனம் நோகும். எம்பிபி எனக்கு நல்ல பழக்கம். நாங்கள் மரியாதையாய்க் கேட்டு எடுப்பம்."

"தவணை முடிஞ்சிடும், அங்கிள்," என்றேன்.

"யூனிவர்சிற்றியை அரைவாசியில விட்டிட்டு வந்தவன் எனக்குச் சட்டம் படிப்பிக்கிறான். நீ இரவு வேலைக்குப் போய்க் களஞ்சியத்தில பெட்டி அடுக்கு தம்பி."

அன்ரி அவரைத்தான் நம்பினார். எங்கள் ஆட்களின் வியாதி அது. உரிமையாகக் கேட்கவேண்டியதை உபகாரமாகக் கேட்பார்கள். கைக்கு வருமுன்பே நன்றி சொல்லிவிடுவார்கள். சந்திப்பு தள்ளிப்போனது. முதலில் உறுப்பினருக்கு நேரமில்லை. பிறகு, படத்தில் அவருக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்று மன்றத்துக்குள் சண்டை. முடிவில் மன்றத்தின் சார்பில் அங்கிள் மட்டும் வருவதென்றாகியது. பிறகு பொன்னாடை உறுப்பினருடைய கட்சியின் நிறத்தில் இல்லையென்று வேறொன்று வாங்கச் சொன்னார். அன்ரிதான் வாங்கினார். அதற்குள் தவணை போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் உள்ளே போனதும் உறுப்பினர் "வணக்கம்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அதற்கே அங்கிள் கைதட்டினார். அன்ரி பொன்னாடை போர்த்தினார். உறுப்பினர் ஒரு பெரிய உறையைக் கொடுத்தார். கரோலின் படம் எடுத்தாள்.

அன்ரி உறையை அங்கேயே திறந்தார்.

"வீட்டை போய்ப் பாருங்கோ தங்கச்சி," அங்கிள் பல்லைக் கடித்தார். "ஆக்களுக்கு முன்னால என்ன இது?"

அதே கறுப்புப் பக்கங்கள். இந்தமுறை தடித்த தாளில், பளபளக்கும் உறைக்குள்.

"ஜனா, மணி அடிச்சதுக்கு ஆரும் போனவையோ எண்டு எந்த இடத்தில கிடக்கு? கேள்."

கேட்டேன். கரோலின் புன்னகை மாறாமல் விளக்கினாள்.

"என்னவாம்?"

"அதைக் காட்ட ஏலாதாம். உங்கட மனுசன்ர அந்தரங்கத்தை உங்களிட்டையிருந்து காப்பாத்தினமாம்."

அன்ரி சிரித்தார். "கடைசி மட்டும் அந்தாளின்ர உடுப்புத் தோய்ச்சது நான். என்னட்டையிருந்தோ?"

மேன்முறையீடு? தவணை கடந்துவிட்டதாம். உறுப்பினர் மிகவும் வருந்துகிறாராம். ஒளிவுமறைவற்ற ஆட்சியில் அவருக்கு அசையாத நம்பிக்கையாம்.

அன்ரி எழுந்து உறுப்பினரிடம் போனார். இன்னொரு படம் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். அன்ரி பொன்னாடையை உருவி, மடித்து, கைப்பைக்குள் வைத்தார். எங்கள் சடங்கின் இரண்டாம் பகுதி இதுதான் என்று கரோலின் நினைத்திருக்கவேண்டும். அதையும் படம் எடுத்தாள். உறுப்பினர் கைகூப்பி மறுபடியும் "வணக்கம்" என்றார்.

"ஐயோ, போர்த்ததைக் கழட்டுறதே!" அங்கிள் பதறினார்.

"நான் வாங்கினது, அண்ணை. நீ வா ஜனா. விண்ணப்பத்தை முதலில இருந்து எழுதுவம்."

வெளியே பனி கொட்டியது. அங்கிள் ஜக்கெற்றும் போடாமல் பின்னால் ஓடிவந்தார்.

"இனி அவை என்னை மதிப்பினமோ? எத்தினை வருசப் பழக்கம்! எல்லாத்தையும் நாசமாக்கிப் போட்டியள்!"

அன்ரி நடையை நிறுத்தவில்லை. அங்கிள் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவடியில் கரோலின் நின்றாள். உள்ளே கொளுவியிருந்த தன் ஜக்கெற்றை அவர் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். அவளும் அழகாகக் கையசைத்தாள். பிறகு கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.