காற்றுக்குக் காவல்

முனீர் அகமதுவுக்கு வந்த மூன்று சம்பந்தங்களும் வாசற்படியோடு நின்றுபோயின. பையன் மூக்கும் முழியுமாக இருப்பான், சொந்தத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பு, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. பெண் வீட்டார் ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது சிரித்த முகமாகத்தான் இறங்குவார்கள். வீட்டை நெருங்க நெருங்கக் கைக்குட்டை வெளியே வரும். ஷர்பத்தைப் பாதி குடித்துவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்பார்கள். எழுதமாட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் கல்யாணப் பேச்சையே விட்டுவிட வேண்டும் என்று முனீர் தன் அக்காளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அப்போது அவனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

காரணம் என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியவே நாளாயிற்று. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுகிற தோல் என்ன வாடை அடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. பிறந்தது முதல் அதற்குள்ளேயே இருக்கிறோம். வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டால், பாவம், ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். முனீரின் ஷாப்புக்குத் தோல் பதனிட ஆவாரம்பட்டை கொண்டுவந்து போடுகிறவன் நான். சின்ன வயதிலிருந்து அவனுக்குச் சினேகிதன். பட்டைக்காரன் மூக்கு மட்டும் என்ன வாழ்ந்தது?

முனீரின் அக்காள் பக்ருன்னிசா புருஷனை இழந்தவள். தம்பி வீட்டை அவள்தான் நடத்தினாள். திரைக்குப் பின்னால் இருந்துகொண்டே பாதி ஊரை ஆட்டிவைக்கிற பெண்மணி. ஊரே அவளை ஆபா என்றுதான் கூப்பிடும். நான்காவதாக ஒரு சம்பந்தம் வந்தபோது அவள் ஒரு யோசனை செய்தாள். பெண் வீட்டாரை வீட்டுக்கே கூட்டி வரவேண்டாம், பாலாற்றுக்குத் தெற்கே இருக்கிற மாந்தோப்புக்கு விருந்துக்குக் கூப்பிடலாம் என்றாள். பங்குனியில் காற்று தெற்கேயிருந்து வரும். ஷாப்பு இருப்பது வடகரையில். வாடை அப்படியே ஊர்ப் பக்கம் போய்விடும். தோப்பில் மாம்பூவும் வேப்பம்பூவும்தான் மணக்கும். எப்படியும் பங்குனி வெள்ளிக்கிழமைகளில் முனீர் வீட்டுப் பெண்கள் தோப்பில்தான் பொழுதைக் கழிப்பார்கள்.

"காத்து திரும்பிட்டா இன்னா பண்றது ஆபா?" என்று முனீர் கேட்டான்.

"காத்து திரும்பினா இலையைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். வாடை வந்துதா இல்லியான்னு நம்மள்ள யாருக்குத் தெரியும்? அதுக்கு ஒரு வெளியூர் மூக்கு வேணும்" என்றாள்.

வெளியூர் மூக்கு அவர்கள் வீட்டிலேயே இருந்தது. வண்டிக்காரன் ஆதிகேசவன், சத்துவாச்சாரிக்காரன், மார்கழிக் கடைசியில் வேலைக்கு வந்தவன். வந்த அன்றைக்கு ஷாப்பு வாசலிலேயே வாந்தி எடுத்தான். கொஞ்ச நாள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வண்டி ஓட்டினான். நாங்கள் சிரிக்காத நாள் இல்லை. அவனைக் கூப்பிட்டு, தோப்பின் வடக்கு வேலியோரம் உட்காரவேண்டும், வாடை எட்டிப் பார்த்ததும் "மாடு அவுத்துக்கிச்சு" என்று கத்தவேண்டும் என்று ஆபா உத்தரவு போட்டாள். உடனே விருந்தாளிகளை வண்டியேற்றித் தெற்கே மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய்விடுவது அவள் திட்டம்.

வந்தவர்கள் காவேரிப்பாக்கத்துக்காரர்கள். அரிசி வியாபாரி அஹமது பாஷா, அவர் மனைவி ஜஹீதா, மகள் அஃப்ஸர் ஜஹான். பெண்ணையும் கூட்டிவருவது வழக்கமில்லைதான். தோப்பு விருந்து என்று கேள்விப்பட்டதும் அந்தப் பெண் நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாளாம். காலை ரயிலில் இறங்கியவர்களை ஊருக்குள் விடாமல் சுற்றுவழியாக ஆற்று மணலில் இறக்கித் தோப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

அன்றைய காலையைக் குறை சொல்ல முடியாது. புங்கமரங்கள் புதுத் தளிர் விட்டுப் பளபளவென்று நின்றன. வெயில் ஏறியும் தரையில் ஈரம் இருந்தது. ஆற்றில் ஊற்றுத் தோண்டி எடுத்த தண்ணீர் பல் கூசுகிற அளவுக்குச் சில்லென்று இருந்தது. பெண்களுக்கென்று ஒரு பக்கம் முழுக்கத் துணித் திரை கட்டி, பெரிய மாமரத்தில் ஊஞ்சல் போட்டிருந்தார்கள். மாவடுவைக் கல்லில் நசுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றோம். தேக்சாவில் பிரியாணி தம்மில் இருந்தது. அஹமது பாஷா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மணலில் நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

திரைக்கு அந்தப் பக்கம் ஊஞ்சல் கயிறு கிரீச்சிட்டது. கூடவே ஒரு சிரிப்புச் சத்தம், அடக்கிக்கொள்ளத் தெரியாத சிரிப்பு.

"தோஸ்த், அது யாரு?" என்று முனீர் என் காதில் கேட்டான்.

"உங்க அக்கா இல்ல" என்றேன்.

அவன் முகம் சிவந்துபோய், எரிகிற அடுப்பில் இன்னும் இரண்டு கட்டைகளைத் தள்ளினான். சமையல்காரர் வந்து திட்டி அவற்றை வெளியே இழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்துவிட்டது. என்னிடம் வாய்விட்டே சொன்னான்.

"ஏரிக்கரையிலதான் எங்க வீடு" என்று அந்தப் பெண் ஆபாவிடம் சொல்வது கேட்டது. "ஏரி நெறைஞ்சா ராத்திரியெல்லாம் சத்தம் கேக்கும். பாக்குறது மட்டும் ஜன்னல் இடுக்குல. நீங்க வருஷா வருஷம் இங்க வருவீங்களா?"

"பங்குனி வெள்ளிக்கிழமை ஒண்ணு விடமாட்டோம்" என்றாள் ஆபா.

மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது காற்று நின்றது. இலை அசையவில்லை, குயில்கூட வாயை மூடிக்கொண்டது. வடக்கே மலைக்கு மேல் கருகருவென்று மேகம் கூடிற்று. பிறகு திடீரென்று குளுகுளுவென்று ஒரு காற்று, மாம்பிஞ்சுகளை உதிர்த்துக்கொண்டு வந்து எங்கள் முகத்தில் அடித்தது. நாங்கள் சொக்கிப்போனோம். முனீர் ஓடிப்போய் அஹமது பாஷாவின் நாற்காலியைத் தூக்கிக் காற்றுக்கு எதிராகவே போட்டான்.

"இப்பிடி உக்காருங்க மாமா. இன்னா ஜோரா வருது பாருங்க!"

அந்தப் பக்கம் ஆபா, "வடக்குப் பக்கம் துணியைத் தூக்கிக் கட்டுங்கடி, அவங்களுக்கும் நல்லாக் காத்து வரட்டும்" என்று வேலைக்காரிகளிடம் சொன்னாள். துணியைத் தூக்கிக் கட்டினார்கள். ஜஹீதா இருமினாள். ஊஞ்சல் நின்றது.

அஹமது பாஷா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்ததைப் பார்த்த பிறகுதான் முனீருக்கு உறைத்தது. வேலிக்கு ஓடினான், நானும் ஓடினேன். ஆதிகேசவன் உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்தபடி மாவடு கடித்துக்கொண்டிருந்தான்.

"தூங்கிட்டியாடா?"

"சத்தியமா இல்லீங்க. முழிச்சுக்கினுதான் இருந்தேன். ஒரு வாடையும் வரல்லியே!"

யாரும் நம்பவில்லை. ஆபாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். திரைக்குள்ளிருந்தே அவனை வாங்கு வாங்கு என்று வாங்கினாள். அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துகொண்டே நின்றான்.

முனீர் திரும்பி வந்து அஹமது பாஷா முன்னால் நின்றான். "மாமா, இது எங்க ஷாப்பு வாடை. வீட்டுல தினமும் இப்பிடித்தான் வரும். எங்களுக்குத் தெரியறதில்ல. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இங்க கூட்டிக்கினு வந்தோம்" என்றான். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தால்தானே அவர் பதில் சொல்லமுடியும்? மழை புளிய விதை கனத்தில் விழத் தொடங்கியது. மண் வாசனை கிளம்பிற்று. அது எங்களுக்கும் தெரிந்தது. சாயங்கால ரயிலைப் பிடிக்கவேண்டும் என்று அஹமது பாஷா எழுந்தார். ஊருக்குப் போய் எழுதுகிறேன் என்றார்.

முனீர் வண்டியோடு வரவில்லை. மழையில் நனைந்துகொண்டு ஊஞ்சல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. விருந்தாளிகளை ஸ்டேஷனில் விடுகிற வேலை என் தலையில் விழுந்தது. முன்னால் ஆதிகேசவன், பக்கத்தில் நான், எனக்குப் பின்னால் அஹமது பாஷா, உள்ளே திரைபோட்டுத் தாயும் மகளும். மழை பெய்து சுற்றுவழி சகதியாகிவிட்டதால் ஷாப்பு மதிலை ஒட்டியே போகவேண்டியிருந்தது. அஹமது பாஷா மூச்சை அடக்கிக்கொண்டார்.

திரைக்குள்ளிருந்து பெண்ணின் குரல் வந்தது. "வண்டிக்காரரே, உங்களுக்கு இந்த ஊரா?"

"சத்துவாச்சாரிம்மா."

"இங்க வந்து எவ்ளோ நாளாச்சு?"

"மூணு மாசம் இருக்கும்மா. வந்தப்போ ஷாப்பு வாசல்ல வாந்தி எடுத்தேன். இவங்களைக் கேளுங்க."

"இப்ப இந்த எடத்துல வாடை வருதா?"

ஆதிகேசவன் தலையைத் தூக்கி, நாலு பக்கமும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "இன்னா வாடைம்மா?" என்றான்.

உள்ளே, காலையில் கேட்ட அதே சிரிப்பு. "பாத்தீங்களா அம்மீ, மூணே மாசந்தான். அவர் பொய் சொல்லல்ல. அவருக்கும் மூக்கு போய்டுச்சு."

"அதுக்கு?" என்றாள் ஜஹீதா.

"எனக்கு இந்த எடம் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமைங்கள்ல அந்தத் தோப்பு வேணும். வாடையை மறைச்சாலும் கேக்காமயே ஒத்துக்கினாரு, அந்த மனுஷரும் பரவால்ல."

வண்டி மதிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு, "உனக்கு மூணு மாசம். எனக்கு?" என்றாள் ஜஹீதா. "வருஷத்துல ரெண்டு தரம் உன்னைப் பாக்க வருவேன். பெத்த பொண்ணு பக்கத்துல மூக்கைப் பொத்திக்கினு உக்காரணுமா நான்? உன் துணியில, முடியில எல்லாம் இதுதானே இருக்கும்? உனக்கே தெரியாது."

மழை வண்டிக் கூரையில் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றதும், அன்று முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசாத ஜஹீதா திரைக்குள்ளிருந்து கேட்டாள். "அண்ணே, இந்த வாடை எந்த மாசத்துல வீட்டுப் பக்கம் வராது?"

"ஐப்பசியிலேருந்து தை வரைக்கும் வடக்கேருந்து காத்து வரும்மா. அப்போ ஆத்துப் பக்கம் போய்டும்" என்றேன்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். அவர்கள் இறங்குவதற்காக நான் திரையை விலக்கியபோது, மூக்கிலிருந்த முக்காட்டு நுனியை எடுத்துவிட்டு, மகளை இழுத்து அணைத்து உச்சி முகர்ந்துகொண்டிருந்தாள். ரயில் வருகிற சத்தம் கேட்டும் விடவில்லை.