ஏழாம் எண் வீட்டுப் பனிக்கு ஏற்ற ரிசீவர்

2011 மார்ச் ஒன்பதாம் தேதி பிற்பகல் இரண்டேகால் மணிக்கு, சைகோன் பத்தாம் வட்டத்தில், எங்கள் சந்தின் ஏழாம் எண் வீட்டு முன்னறையில் வெண்பனி பெய்தது. வேறெங்கும் பெய்யவில்லை. வெளியே முப்பத்தாறு டிகிரி வெயில். கடையில் ஐஸ் மூட்டை எட்டாயிரம் டோங். அந்த வீட்டுக்காரர் தோவான், முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்று காலைதான் ஞாத் தாவ் சந்தையில் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர்கள் வாங்கி வந்திருந்தார். ஜப்பானில் யாரோ கழித்துக்கட்டி, கப்பலில் எடைக்கு வந்த சரக்கு. முழ உயரம், மரப்பெட்டி, புத்தக அலமாரியில் வைப்பதற்கென்றே செய்தவை. அவர் வீட்டில் புத்தகம் கிடையாது. அதனால் மனைவி ஹியெனின் துணி அலமாரியில் இடம் பண்ணி வைத்தார். அவற்றைப் பாடவைக்க, ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கும் நூற்றிருபது வாட் ரிசீவர் ஒன்றும் வாங்கியிருந்தார், பதினெட்டு கிலோ. இரண்டாவது பாட்டின் பாதியில் முதல் பனித்துகள் தையல் மிஷின் மேல் விழுந்தது.

நாற்பது நிமிடத்தில் முழங்கால் வரை ஏறிவிட்டது. சந்து முழுக்கக் கிண்ணத்தோடு வந்து நின்றோம். ஐந்தாம் எண் வீட்டுக்காரி சர்பத்து கொண்டுவந்தாள், நான் டின்பால் கொண்டுபோனேன். நல்ல பனிதான், பொய் சொல்லக்கூடாது. மறுநாள் குடியிருப்புக் குழுத் தலைவர் வந்து, பாட்டு போடச் சொல்லி, பனியில் நின்று, கையிலிருந்த விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். வீட்டுக்குள் பனி பெய்வதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. 'தரை ஈரம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தொல்லை ஹியெனுக்குத்தான். அந்த முன்னறைதான் அவள் தையல்கடை. சித்திரை வெயிலுக்கு முன் நடக்கும் கல்யாணங்களுக்கெல்லாம் அவள்தான் நீள அங்கி தைப்பாள். மருந்துக்கடைக்காரர் மகளின் சிவப்பு வெல்வெட் அங்கி முழுக்கப் பனி பட்டு வெள்ளைத் திட்டு விழுந்திருந்தது. அதைக் கணவன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

"இதப் பாருங்க, பெரியம்மை போட்ட மாதிரி இருக்கு. இதப் போட்டுக்கிட்டு அந்தப் பொண்ணு மணவறையில உக்காருமா, ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்குமா?"

"காஞ்சா போயிரும்."

"நீங்க காஞ்சாலும் போகாது. கேட்டுக்குங்க. எங்கப்பா திதிக்கு அண்ணன் வேன் எடுத்துக்கிட்டு வருவாரு. அன்னைக்கு இந்த ரூம்ல ஒரு பொட்டுப் பனி விழுந்தாலும், சாப்பிட்ட கையக் கழுவிட்டு அதே வேன்ல எங்க ஊரு பென்செவுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களும் உங்க பெட்டியும் கட்டிப் புடிச்சுக்கிட்டு இருங்க."

நீலப் பை ஒன்றில் நாலு உடுப்பை மடித்துவைத்து, கதவோரம் நிறுத்தினாள். ஹியென் சும்மா மிரட்டுகிற ரகமில்லை. ஒருமுறை நாத்தனாரோடு பேசமாட்டேன் என்றவள், ஒன்பது வருடம் பேசவில்லை.

பாட்டே போடாமல் இருந்தால் தீர்ந்ததே என்று நாங்களும் சொன்னோம். அது முடியாது. அவள் அப்பா சாகும்போது மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு, "என் திதிக்குப் பாட்டில்லாம சோறு வச்சுறாதப்பா" என்று கேட்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக அந்த வாக்கு தவறவில்லை. பழைய பெரிய ஸ்பீக்கர்களை விற்றுத்தான் தோவான் இந்தச் சின்னதை வாங்கியிருந்தார். பாட்டும் வேண்டும், பனியும் கூடாது. திதிக்கு ஐந்து வாரம் இருந்தது. மனைவி போய்விட்டால் தான் என்ன ஆவோம் என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தார். இதை அவரே என்னிடம் சொன்னார்.

ஞாத் தாவ் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ரிசீவரையும் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பாடவிட்டு, பிடிக்காவிட்டால் திருப்பலாம். தோவான் அந்த வழக்கத்தைப் பிழிந்து எடுத்துவிட்டார். எண்பது வாட் பெட்டி கணுக்கால் வரை பெய்தது. அறுபது வாட் நான்கு விரல். கண்ணாடி வால்வு வைத்த பழங்காலத்துப் பெட்டி பாதி பனி, பாதி மழை, நடுவில் ஒரு தடவை ஆலங்கட்டி. ஒவ்வொன்றையும் ஹியெனின் தையல் டேப்பால் அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் காரணம் கேட்டால், "பனி ஜாஸ்தி" என்பார். எல்லோரும் ஆறாம் மாமா என்று கூப்பிடும் அந்தக் கடைக்காரர் முப்பது வருடமாக எல்லாப் புகாரும் கேட்டவர். இதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஐந்தாவது தடவை ஆறாம் மாமாவே எழுந்து வந்தார்.

"உங்க ரூம் எவ்வளவு பெரிசு தம்பி?"

"மூணு மீட்டருக்கு நாலு மீட்டர், மாமா."

"அதுல தையல் மிஷின், துணி அலமாரி, சாமிப் படம், உங்க பொண்டாட்டி எல்லாம் இருக்கு. ஸ்பீக்கர் முழ உயரம். இதுக்கு நூத்திருபது வாட் எதுக்கு? ஒரு மூட்டை அரிசிய இழுக்க யானை கட்டுவீங்களா? சந்தைக்கு வர்றவன் அத்தனை பேரும் பெரிசாக் குடு பெரிசாக் குடுன்னுதான் கேக்குறான். வீட்டு அளவக் கேட்டு ஒருத்தன் வந்ததில்ல."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து இருபத்தைந்து வாட் ரிசீவர் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். ரேடியோ முள் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒரே கையில் தூக்கலாம். தோவான் அதை மாட்டி மூன்று நாள் காலை முதல் மாலை வரை பாடவிட்டார். ஒரு துளி விழவில்லை. பாட்டு மட்டும் கேட்டது, பாடகர் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தது போலத் தெளிவாக. ரிசீவர் தேடுகிற எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. பதினெட்டு கிலோ பெட்டி துணி மூட்டைக்குப் பின்னால் போனது.

திதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஏப்ரல் வெயில் எங்கள் தகரக் கூரைகளை அடுப்பில் வைத்த சட்டியாக்கிவிட்டது. ஹியென் துணி வெட்டிக்கொண்டே அடிக்கடி விட்டத்தைப் பார்ப்பாள். இரண்டேகால் மணிக்குக் கை தானாக நிற்கும். வேர்வைக் கறை பட்டு இரண்டு பட்டு அங்கிகள் பாழாயின, பனியில் பாழானது ஒன்றுதான். அதை அவள் சொல்லவில்லை. சின்ன ரிசீவரைத்தான் திட்டினாள்.

"இதுல பாடுறவருக்கு ரெண்டு நாளா சோறு போடல போலிருக்கு."

"நல்லாத்தானே கேக்குது?"

"கேக்குது, கேக்குது. நான் ஏதாவது சொன்னேனா?"

தோவான் பஸ் ஓட்டியவர், பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவர். பெண்டாட்டி மனதில் வருவதைக் காட்ட அப்படியொரு கண்ணாடி இல்லாமல் போயிற்று. அவள் கதவோரத்து நீலப் பையைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பயந்தார்.

திதியன்று காலை அவர் பொரித்த வாத்து வாங்கப் போயிருந்தார். சாமிப் படத்துக்குக் கீழே பாகற்காய் சூப்பும், முட்டை போட்ட பன்றிக்கறியும், ஒட்டும் அரிசிச் சோறும் இறங்கியாயிற்று. மூத்த அண்ணன் குவாங் பென்செவிலிருந்து இருபத்திரண்டு பேரை வேனில் அடைத்துக் கொண்டுவந்து இறக்கினார். பன்னிரண்டு சதுர மீட்டரில் இருபத்திரண்டு பேர். விசிறி அனல்காற்றைக் கிண்டிக்கொண்டிருந்தது. ஹியென் அவர்களைப் பார்த்தாள், விட்டத்தைப் பார்த்தாள். துணி மூட்டையை நகர்த்தி அந்தப் பதினெட்டு கிலோவைத் தனியாகத் தூக்கி வந்தாள். ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றிச் சொருகினாள். பிறகு பிளக்கை எடுத்து நேராகச் சுவரில் மாட்டினாள்.

இந்தத் தப்பை எங்கள் ஊரில் ஆளுக்கு ஒருமுறையாவது செய்திருக்கிறோம். ஜப்பான் பெட்டி நூறு வோல்ட் குடிக்கும், எங்கள் சுவர் இருநூற்றிருபது ஊற்றும். பிளக்கோ இரண்டு ஊருக்கும் ஒன்றே, வெண்ணெயில் கத்தி போல இறங்கிவிடும். அதனால்தான் எல்லா வீட்டிலும் ரிசீவர் பக்கத்தில் செங்கல் அளவு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். அதை ஹியென் தினமும் பெருக்கும்போது நகர்த்தி வைப்பாள். எதற்கு என்று கேட்டதில்லை.

ரிசீவர் 'டப்' என்றது. நீலப்புகை வந்தது, விளக்குகள் அணைந்தன, விசிறி நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமில்லாமையில், மின்சாரம் இல்லாமல், பாட்டு இல்லாமல், வெண்பனி இறங்கத் தொடங்கியது. குவாங்கின் வழுக்கைத் தலையில் விழுந்தது, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஹியென் அப்பா போட்டோவின் தோள்களில் தங்கியது. அவர் உயிரோடிருந்தபோது சட்டையில்லாமல்தான் இருப்பார், வெக்கை தாங்கமாட்டார்.

தோவான் இரண்டு வாத்தோடு வாசலுக்கு வந்தபோது பனி கணுக்காலுக்கு ஏறியிருந்தது. மச்சினரையும் வேனையும் நீலப் பையையும் பார்த்தார். கண்ணில் நீர் கொட்டியது. வாத்துப் பொட்டலங்களைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

"நான் போடல, ஹியென். சத்தியமா நான் போடல."

குவாங்குக்குத் தங்கையின் சபதம் போனிலேயே வந்து சேர்ந்திருந்தது. எழுந்து பையைக் கையில் எடுத்தார்.

"கெளம்பு. சொன்னா சொன்னதுதானே?"

ஹியென் அண்ணன் கையிலிருந்து பையை வாங்கினாள்.

"ஒக்காருங்கண்ணே. சூப்பு ஆறுது. பனி இவரு போட்டாத்தான் நான் போறதுன்னு சொன்னேன். இன்னைக்குப் போட்டது நான்."

அவள் அப்படிச் சொல்லவே இல்லை என்பதற்கு இந்தச் சந்து முழுக்கச் சாட்சி. இருபத்திரண்டு பேரும் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்கள்.

"அதுவும் உங்க எல்லாருக்காகத்தான். எனக்கு வேணும்னு நெனச்சுறாதீங்க" என்று சேர்த்துக்கொண்டு, கணவன் கையிலிருந்த வாத்துகளை வாங்கி, தோளில் கிடந்த துண்டால் அவர் முகத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டாள். தோவான் ஃபியூஸ் மாற்றி, இருபத்தைந்து வாட் பெட்டியை மாட்டி, மாமனாருக்குக் கடன்பட்ட பாட்டை நாலு நிமிடம் தாமதமாகப் போட்டார்.

கருகிய ரிசீவர் பழைய இரும்புக்குப் போனது. பனி போகவில்லை. பாட்டு போட்டாலும் போடாவிட்டாலும் பகல் இரண்டேகாலுக்குத் தொடங்கி மூன்றரைக்கு நிற்கும். ஹியென் வெல்வெட்டை அந்த நேரத்தில் பிளாஸ்டிக் போட்டு மூடுவாள். குழுத் தலைவர் வருடத்துக்கு ஒருமுறை 'தரை ஈரம்' எழுதிப்போவார், இப்போதெல்லாம் கிண்ணத்தோடு வருகிறார். நீலப் பை இன்னும் அதே கதவோரம் நிற்கிறது. உடுப்புகளை எடுத்துவிட்டு, இரண்டு கம்பளிக் குல்லா வைத்திருக்கிறாள்.